கடைசி வண்டிக்கு முன்னால்

வருஷா வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிறு
தமுக்கத்தில் ஐந்தரைக்கே ஒலிபெருக்கி அலறும்.
பெண்கள் மட்டும். பத்து கிலோமீட்டர்.
எண்ணூறு பேர், எண்ணூறு ரோஸ் பனியன்.
ஊக்குதான் பற்றவில்லை;
ஆளுக்கு மூன்றென்று பிரித்துக் குத்திக்கொண்டோம்.
என் 714-இன் நாலாவது மூலை
வழியெல்லாம் படபடத்தது.

எழுகடல் தெருப் பாத்திரக் கடையில்
பெயர் வெட்டுகிறவள் நான்.
சீர்வரிசைக் குடமும் மொய்க்கு வாங்கிய தூக்குவாளியும்
என் கைக்குக் கீழே கிர்ரென்று அதிர்ந்து
யாருக்கோ சொந்தமாகும்.
நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற உடம்பு.
ஓடும் என்று அதற்கே தெரியாது.

துப்பாக்கி கிடையாது, விசில்தான்.
கலெக்டர் ஆபீஸ் தாண்டும்வரை
முன்னால் முதுகுகள் இருந்தன.
குருவிக்காரன் சாலைப் பாலத்தில்
ஒரு முதுகும் இல்லை.
கீழே ஆகாயத்தாமரை மேல் ஒரு கொக்கு,
அதற்கும் அவசரமில்லை.

பின்னால் ஆம்புலன்ஸ்.
கடைசி ஆளைத் தாண்டக்கூடாதென்று அதற்கு உத்தரவு.
முதல் கியரில் முனகி முனகி
எருமை போல என் பிடரியில் மூச்சுவிட்டது.
டிரைவர் தலையை நீட்டி
"ஏறிக்கிறீங்களாக்கா? யாரும் பாக்க மாட்டாங்க" என்றார்.
வேண்டாமென்று சொல்ல மூச்சில்லை.
கையை ஆட்டினேன்.
அவரும் பதிலுக்கு டாட்டா காட்டினார்.

தெப்பக்குளத்தைச் சுற்றும்போதுதான் கவனித்தேன்:
நான் கடந்த பிறகுதான்
தடுப்பை இழுத்து ஓரம் போடுகிறார்கள்.
அதுவரை சாலை மூடியே கிடக்கிறது.
பால் வண்டி, மீன் வண்டி,
முகூர்த்தத்துக்குப் போகிற வேன் நிறையப் பட்டுச்சேலை,
எல்லாம் ஒரு போலீஸ்காரரின் உள்ளங்கைக்கு முன்னால்
உறுமிக்கொண்டு நிற்கின்றன.
"இன்னும் எத்தன பேரு சார்?"
"ஒரே ஒரு அம்மா."

ஜெயித்தவள் இந்நேரம்
பாக்குமட்டைத் தட்டில் பொங்கல் தின்றுகொண்டிருப்பாள்.
அவள் அறுத்தது ஒரு நாடா.
இந்தச் சாலையைப் பூட்டிய சாவி
என் குதிகாலில் இருக்கிறது.

நின்றேன்.
குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன்.
ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.
ஆம்புலன்ஸ் நின்றது. மீன் வண்டி நின்றது.
பட்டுச்சேலைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தன.
எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியபின்
சட்டியை வழிக்கிற கடைசி ஒன்று உண்டு.
அதில் எனக்கு இருபது வருஷ அனுபவம்.
இது வேறு கடைசி.

அப்புறம் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.
மீன் கெட்டுப்போகுமே.
எழுந்து ஓடினேன்.

தமுக்கத்துக்குள் நுழைந்தபோது
ஒலிபெருக்கியைக் கழற்றியிருந்தார்கள்.
பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.
மோட்டாரை நிறுத்திவிட்டதால்
காற்றடைத்த வளைவு
சாப்பிட்டு அசந்தவர் மாதிரி சரிந்துகொண்டிருந்தது.
கழுத்தில் அட்டை தொங்க இரண்டு கல்லூரிப் பிள்ளைகள்,
மெஹர்பானு ஒரு பக்கம், ஜெசிந்தா ஒரு பக்கம்,
ஓடிவந்து தோள் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள்.
"குனிஞ்சு வாங்கக்கா, குனிஞ்சு!"
குனிந்து நுழைந்தேன்.
ரப்பர் வாடையோடு
உச்சந்தலையை உரசிவிட்டது.

பொங்கல் தீர்ந்திருந்தது.
வாசலில் பருத்திப்பால் இருந்தது.
டிரைவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
அவர்தான் காசு கொடுத்தார்.

பதக்கத்தின் முன்பக்கம் ஓடுகிற ஒரு பெண்,
என் இடுப்பில் கால்வாசி இடுப்பு.
பின்பக்கம் மொட்டை.
திங்கட்கிழமை கடை திறந்ததும்
முதல் வேலையாக மெஷினை அதன் முதுகில் வைத்தேன்.
கை பழக்கத்தில் பெயருக்குப் போனது. திருப்பினேன்.
ஒரு மணி ஐம்பத்தாறு நிமிடம்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"என்னம்மா இது, முகூர்த்த நேரமா?"
"ஆமாண்ணே."
எழுத்துக்கு மூன்று ரூபாய்.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.