ஒன்றாம் ஓடுபாதை, மேற்குக் காற்று

கோபுரம் காற்றை ஒப்பிக்கிறது:
மேற்கிலிருந்து இருபது நாட்,
அடித்தால் முப்பத்தொன்று.
விக்ஸ்ட்ரம் தொடையில் கட்டிய தாளில் எழுதுகிறான்.
ஏற்கெனவே எழுதியதை
இன்னொரு தடவை எழுதுகிறான்.

வாஷிங்டனில் ஏறுவது எளிது.
திரும்புவதுதான் பாடு.
சக்கரம் தரையை விட்ட கையோடு இடப்பக்கம் சாய்ந்து
பொட்டோமாக் ஆற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்,
இருட்டில் படி இறங்குபவர் சுவரைத் தடவுவதுபோல.
வலப்பக்கம் அந்த வெள்ளை வீடு.
அதைச் சுற்றி, வரைபடத்தில்,
சாய்கோடு போட்ட ஒரு துண்டு வானம்.
கீழே வேலி உண்டு, காவலர் உண்டு, நாய் உண்டு.
மேலே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததில்தான்
மோதிவிடக் கூடாது.

பதினொரு வருடம் முன்பு மோதினேன்.
எட்டு விநாடி.
"ஒரு தொலைபேசி எண் தருகிறேன்,
எழுதத் தயாரானதும் சொல்லுங்கள்"
என்றது குரல்,
கடன் கொடுத்தவர் வாசலில் நின்று பேசும் மரியாதையோடு.
அழைத்தேன். ஹாலோரன் என்றொரு பெண்மணி.
எதையோ மென்றுகொண்டே கேட்டாள்:
காற்றா, நீங்களா?
காற்று என்றேன்.
காற்றுக்கு உரிமம் கிடையாதே மேடம், என்றாள்.
அந்த எண் இன்னும் மனப்பாடம்.
மகனின் எண்ணைத்தான் பார்த்துச் சொல்வேன்.

ஓடுகிறோம்.
இடது இறக்கையை அமுக்கி, வலது காலை நீட்டி,
உடம்பெல்லாம் கோணலாக, நேராக.
எழுந்ததும் தோளில் கை போடுகிறது காற்று,
பந்திக்கு இழுக்கும் சொந்தக்காரர்போல:
வா, இந்தப் பக்கம் வா.

சாய்கிறேன். ஆறு வருகிறது.
மூக்கை ஆற்றுக்குக் காட்டினால் ஆறு நழுவிவிடும்.
ராஸ்லின் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் காட்டினால்தான்
காலடியில் நிற்கும்.
பன்னிரண்டு பாகை.
மூக்கு ஒரு திசை, போக்கு ஒரு திசை.
பதினெட்டாம் மாடியில் காபியோடு நிற்கும் யாரோ
நம்மீதுதான் வருகிறார்கள் என்று நினைக்கலாம்.
மன்னியுங்கள்.
உங்களைக் குறிவைப்பதே
உங்களிடம் வராமலிருக்கத்தான்.

"பட்டங்கள்" என்கிறான் விக்ஸ்ட்ரம்.
அவன் பக்கத்து ஜன்னலில், புல்வெளிக்கு மேல்,
நுழையக் கூடாத அதே வானத்துக்குள்
ஐம்பது அறுபது பட்டங்கள்,
எல்லாம் கிழக்கே சாய்ந்து, வால் விறைத்து.
யாரும் அவற்றுக்கு எண் தரவில்லை.
பேசாமல் இன்னும் இரண்டு பாகை
இடப்பக்கம் கூட்டுகிறேன்.

பின்னால் வலப்பக்க ஜன்னல்களில்
கைபேசிகள் உயர்ந்திருக்கும்.
கொஞ்சம் பக்கத்தில் போயிருக்கலாமே என்று
இறங்கும்போது யாராவது ஒருவர்
ஒவ்வொரு முறையும் சொல்வார்.

ஒரு பாலம். படகுத்துறை. இன்னொரு பாலம்.
ரேடியோ மூச்சு விடாமல் இருக்கிறது,
கொஞ்சம் அதிக நேரம்.
பிறகு,
"அடுத்த அலைவரிசைக்குப் போங்கள். நல்ல மாலை."

அவ்வளவுதான்.
வலது காலைத் தளர்த்துகிறேன். கெண்டைக்கால் துடிக்கிறது.
திரும்பிப் பார்த்தால்
விக்ஸ்ட்ரமின் பேனா
மூடி திறந்தபடி, தாளில் வெற்றிடம் பார்த்து,
எழுதத் தயாராக நிற்கிறது.

நான் அவனிடம்
அந்தக் கதையைச் சொன்னதே இல்லை.