சித்திரையில் தண்ணீர்

செத்துப்போன உத்திராபதி
முப்பதாம் நாள் விடிகாலை
கொல்லைப்படல் திறந்து வருகிறான்.
அறுந்த செருப்பு வாருக்கு
ஊக்கு குத்தியிருக்கிறான்.
வந்ததும் வராததுமாக
சார்ஜர் எங்கே என்கிறான்.

இப்படித் தொடங்கும் கதையை
வெண்ணாற்று ரெகுலேட்டரில்
ஷட்டர் ஏற்றி இறக்கும்
லஸ்கர் சந்தியாகுவிடம்தான்
முதலில் கொடுத்தேன்.
பேப்பர் படிக்கிறவர்கள் ஊரில் உண்டு.
டெண்டர் அறிவிப்பு வரை படிக்கிறவர்
அவர் ஒருவர்தான்.

செத்தவன் வந்ததற்கு
அவர் புருவம்கூட அசையவில்லை.
ஊக்கு வந்த இடத்தில்
குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.
சார்ஜருக்கு லேசாகச் சிரித்தார்.
அம்மா வைத்த பழைய சோற்றில்
சோறு அப்படியே இருக்க
நீர் மட்டும் வற்றியிருந்ததை
இரண்டு தடவை படித்தார்.

நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

‘சித்திரைன்னு போட்டிருக்கு.’
‘ஆமா.’
‘ஆத்துல முழுகிட்டான்னும் போட்டிருக்கு.’
‘ஆமா.’
‘சித்திரையில வெண்ணாத்துல ஏது தண்ணி?
மேட்டூரு தொறந்து இங்க வந்து சேர
ஆனி பொறந்துடும்.
கேஜ் புஸ்தகம் எழுதுறவன் நான்,
எங்கிட்டயே கதை விடுறியேம்மா.’

செத்தவன் வந்ததை நம்பியவர்
அவன் செத்ததை நம்பவில்லை.

நியாயம்தான்.
சித்திரையில் அந்த ஆற்றில்
பையன்கள் ஸ்டம்பு நடுவார்கள்.
அக்கரைக்குப் போகிறவர்கள்
பாலத்தை மறந்தே போயிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ஐப்பசிக்கு மாற்றினேன்.
பெரிய வேலையில்லை.
ஒரு மாதத்தின் பெயர்,
இரண்டு நாள் மழை,
உடைப்பு எடுக்காமலிருக்கக்
கரையில் அடுக்கிய மணல்மூட்டைகள்.
உத்திராபதி முறைப்படி மூழ்கினான்.
‘ஆறு கொண்டுபோயிற்று’ என்று
பத்தி முடிந்தது.

எழுவாய் ஆறு.
பயனிலை கொண்டுபோயிற்று.
வேறு யாரும் அந்த வாக்கியத்துக்குள் இல்லை.
யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.
யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான்கு நாள் அதோடு இருந்தேன்.
மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்த ஓரிரவு
எழுந்து துடைத்துவிட்டு
அந்த வரியை அடித்தேன்.

மறுபடி சித்திரை.
காய்ந்த ஆறு.
நடு ஆற்றில், ராத்திரியோடு ராத்திரியாக
பொக்லைன் வெட்டிய குழி,
மூன்று ஆள் ஆழம்.
ஊற்று தானாகக் கசிந்து நிறைந்த தண்ணீர்,
பார்க்க நல்ல தண்ணீர்.
அவனுக்கு நீச்சல் தெரியும்.
சரிந்த மணலுக்கு அது தெரியாது.

எல்லாம் எழுதியும்
தாசில்தாருக்குக் கொடுத்த மனு மாதிரியே இருந்தது.
அந்த மனுவையும் நான்தான் எழுதியிருந்தேன்.

பிறகுதான் நினைவு வந்தது,
அன்று நான் பார்த்ததிலேயே
ஒன்றுக்கும் உதவாத ஒன்று:
குழி ஓரம் லாரி டயர்த் தடம்.
அதில் தேங்கிய உள்ளங்கை அளவு நீரில்
ஒரு தட்டான்
வாலால் தொட்டுத் தொட்டு
முட்டையிட்டுக்கொண்டிருந்தது.
அதை எழுதினேன்.
அவனைத் தூக்கி வந்ததை எழுதவில்லை.

எங்கள் குடும்ப அட்டையில்
அவன் பெயர் உத்திராபதி இல்லை.

இந்தத் தடவை சந்தியாகு
கேஜ் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படித்தார்.
தட்டான் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.
துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார்.
சித்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

‘லாரி நம்பர் எழுதலையே.’

‘கதைதானே’ என்றேன்.

மதகுக்குக் கீழே
வெறும் மணலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு என் பேனாவை வாங்கி,
விரலில் கிரீஸ் கறுப்போடு,
பக்கத்தின் ஓரத்தில் நான்கு எண் எழுதினார்.
மூன்றாவதை முதலில் ஐந்து என்று போட்டு,
கண்ணை மூடி யோசித்து,
அடித்துவிட்டு எட்டு என்று போட்டார்.

அந்த அடித்தலைப் பார்த்தபோதுதான்
நான் நம்பினேன்.