ஒன்பதாவது வாரம்

டெக் வாடகை முப்பது ரூபாய்.
கேசட் எங்களுடையது.
போட்டதும் கொஞ்ச நேரம் மழைக்கோடு,
பிறகு ஒரு ட்ரம்பெட், கடல்,
அலையில் ஆடி ஆடி எழும்
'நீலக்கொடி' என்ற எழுத்து.

கடல் என்று காட்டியது உப்பனாறு.
நாயகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை,
முகத்துவாரம் தாண்டுமுன்பே வாந்தி.
அதனால் கொழும்பு, மாலத்தீவு,
பேர் சொல்லாத தீவு எல்லாவற்றையும்
சிங்காரத்தோப்புக்கும் சோனாங்குப்பத்துக்கும் நடுவிலேயே
முடித்துக்கொண்டார்கள்.
துறைமுகத்துப் பழைய கிடங்குதான்
கடத்தல்காரன் மாளிகை.
சுறா, பலகை.

படகு என் அப்பாவுடையது.
ஐந்து மாத வாடகை பேசி
'கங்கையம்மன் துணை'மேல் வெள்ளை அடித்தார்கள்.
நாலாவது வாரம் ஓர் அலை அடித்ததில்
அம்மன் பாதி வெளியே வந்துவிட்டாள்.

கேப்டன் சேகர் யார் கேட்டாலும் படகு தருவார்:
புதையல் தேடும் பேராசிரியர்,
வீட்டைவிட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்,
தாடி ஒட்டிய வைர வியாபாரி.
ஒருநாளும் முன்பணம் கேட்டதில்லை.
"டீசலுக்கு எவன் துட்டு தர்றான்?"
அப்பா டி.வி.யைப் பார்த்துக் கேட்டார்.

நீச்சல் தெரியாத கேப்டன்.
அவருக்காகக் குதித்தவர் பாவாடைராயன்.
குதி ஒன்றுக்கு நாற்பது ரூபாய்,
குளிர் விட ஒரு டீ.
முகம் வேண்டாம், முதுகு போதும் என்றார்கள்.
இடது தோளில் தூண்டில் முள் கிழித்த தழும்பு.
மேக்கப்காரர் பவுடர் பூசிப் பூசி அலுத்தார்,
தண்ணீர் பட்டதும் அது எழுந்துகொள்ளும்.
செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு
ஊரே கேப்டனைப் பார்த்தது.
நான் தழும்பைப் பார்த்தேன்.

தை மாதம் கல்யாணம்.
வீடியோக்காரரிடம் கேசட் தீர்ந்துபோய்
டி.வி. மேல் கிடந்ததை எடுத்துச் சொருகிவிட்டார்.
தம்பி பதிவு செய்து வைத்திருந்தது.
ஒன்பதாவது வாரத்தின் பாதியிலிருந்து நாங்கள்.

இப்போது பாருங்கள்,
கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு
மேல்தளத்திலிருந்து அந்த முதுகு பாய்கிறது,
தண்ணீரைத் தொடுமுன்
திரை ஒரு தடவை நெளிந்து
நாதஸ்வரம்.
மணவறையில் அதே ஆள்,
வாடகைக் கோட்டில், திருதிருவென்று.
அந்த உடம்புக்கு அப்போதுதான்
முகம் வருகிறது.

தம்பி பந்தியில் உட்காரவில்லை.
"அவன் தப்பிச்சானா, மாட்டினானா?"
பேரன் எடுத்த பிறகும் விடவில்லை.
இவரைக் கேட்டால்
"எனக்கு எப்படித் தெரியும்?
தண்ணி வரைக்கும்தான் நான்.
ஏறிப்போய் அடிச்சது அவரு."

கத்தியைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்வார்.
மரக்கத்தி.
வெள்ளிப் பெயிண்ட் சரியாகக் காயவில்லை.
பதினோரு தடவை கடிக்கச் சொன்னார்கள்.
கல்யாணப் பாயசத்தில்கூட
அந்த ருசி இருந்ததாம்.

எல்லோரும் போன பிறகு ரீவைண்ட் செய்வேன்.
என் கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டு,
பின்பக்கமாகவே நடந்து
மணவறையை விட்டு இறங்கி,
திரை நெளிய,
காற்றில் ஏறிப் படகில் போய் நிற்பார்,
காய்ந்த முதுகோடு.

அங்கே அவசரமாகப்
பொத்தானை அழுத்துவேன்.
குதிக்கட்டும்.