முறிமுகம்

பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரத்தின் தண்டு
செய்தித்தாளில் சுற்றி என் மேசைக்கு வந்தது,
இரண்டு துண்டாக.

அதற்குள் யாரோ
ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.
எல்லோரும் செய்வதுதான், கை தானாகப் போகும்.
ஆனால் உடைந்த முகங்கள் உரசிக்கொண்டால்
அவற்றில் எழுதியிருப்பது அழிந்துபோகும்.
நல்லவேளை, ஓரம் மட்டும்தான் மழுங்கியிருந்தது.

கூடவே ஒரு கடிதம்:
பதினொன்றாம் தேதி அதிகாலை மூன்றரைக்கு
ஆபரேட்டர் சகாயநாதன்
அளவுக்கு மீறி மூட்டை கொட்டியதால் தண்டு முறிந்தது.
காரணம் முன்பே முடிவாகியிருந்தது.
என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் மலையேறினேன்.
கேத்தி தாண்டியதும் பனி.
ஷெட்டுக்கு வெளியே செம்மண் தண்ணீர்
ஓடை முழுக்க.
டிரம் ஒருக்களித்துக் கிடந்தது.
சகாயநாதனின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
"ரெண்டு மாசமா டக் டக்குனு சத்தம் மேடம்.
சொன்னேன். கிரீஸ் போடுன்னாங்க.
போட்டேன்."
அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சாயம் வெளுத்த ஸ்வெட்டரின் கையை
கட்டின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆய்வகத்தில்
அசிட்டோனில் நனைத்த மெல்லிய தூரிகை.
சேறு போயிற்று. துருவைத் தொடவில்லை,
துரு சாட்சி.

சாவி உட்காரும் பள்ளத்தின் மூலை
பிளேடு போல வெட்டியிருந்தது.
அரை மில்லிமீட்டர் வளைத்து விட்டிருந்தால் போதும்.
லேத்தில் அன்று யாருக்கோ அவசரம்.
அந்த மூலையில் தொடங்கி
கோடு கோடாக விரிகிறது விரிசல்.
பாடப்புத்தகம் அதைக் கடற்கரைக் கோடு என்கிறது.
எனக்கு அது
எதிர்மலையிலிருந்து பார்க்கும் படிப்பாத்தி.
ஒவ்வொரு படியும்
எந்திரம் நின்று, ஈரத்தில் காத்திருந்து,
மறுபடி சுற்றத் தொடங்கிய ஒரு நாள்.
நடுவில் ஒரு படி மட்டும் கருத்துத் தடித்திருந்தது.
ஷெட்டின் நோட்டைப் புரட்டினேன்:
பர்லியாறில் மண் சரிந்து
லாரி இறங்காத ஒன்பது நாள்.

கடைசியாகக் கிழிந்த இடம்
சுண்டுவிரல் நகம் அளவு.
சாம்பல் நிறம், சொரசொரப்பு, புத்தம் புதிது.
சுமை மீறியிருந்தால்
கிழிசல் பெரிதாக இருந்திருக்கும்.
அன்று அவர் கொட்டியது என்றும் கொட்டுவதுதான்.
அதற்கு முந்தைய இரவும்
அந்த மூட்டைகள் அத்தனையையும்
ஏறக்குறைய ஒரு நகம்தான் தாங்கியிருக்கிறது.

உரிமையாளர் ஆல்துரை போனில் கூப்பிட்டார்.
கெட்டவர் இல்லை. கேரட் விலை படுத்துவிட்டது,
வங்கித் தவணை இருக்கிறது.
"அதிகச் சுமையாகவும் இருக்கலாம் என்று
ஒரு வார்த்தை போட முடியுமா அம்மா?"

இருக்கலாம்.
அந்த வார்த்தையை எனக்குத் தெரியும்.
நான்கு வருடம் முன்பு,
முழுதும் உரசி வழவழத்த ஒரு முகத்தைப் பார்த்து
நானே எழுதியிருக்கிறேன்.
அந்த ஆபரேட்டரின் பெயர்
அறிக்கையில் இல்லை. தேடிப் பார்த்தேன்.

இந்த முறை எழுதியது:
களைப்பு முறிவு. தொடக்கம், பள்ளத்தின் மூலை.
வளர்ந்த காலம், பல மாதம்.
இயக்கியவர் காரணம் அல்ல.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது:
அதே லேத்தில், அதே கையில் வெட்டிய தண்டு
பக்கத்து எந்திரத்திலும் இருக்கிறது.
மணி மூன்றே கால்.
ஷெட்டின் எண்ணுக்கு அடித்தேன்.
யாரோ எடுத்தார்கள், நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை.
தண்ணீர் இரைச்சல்.
டிரம் சுற்றும் சத்தம்.
நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று கத்திக்கொண்டே
போனைக் காதோடு அழுத்தி
அந்த டக் வருகிறதா என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.