ஆறாவது திரவியம்

நூறு மில்லிலீற்றரில் நாற்பத்திரண்டு.
மஞ்சள் பொட்டுகளாய்த் தட்டில் முளைத்திருந்தன.
நாற்பத்துநான்கு பாகையில் ஓரிரவு வைத்தால்
தண்ணீர் தன் வாயாலேயே சொல்லிவிடும்.

போத்தலில் என் கையெழுத்துத்தான்:
கோயிற் கிணறு, ஜம்பட்டா வீதி, காலை ஆறு பத்து.
மூடியைத் திருகிய கையோடு போய்
தீர்த்தத்துக்கும் நீட்டியிருந்தேன், வெள்ளிக்கிழமை.

இரண்டாம் முறை முப்பத்தொன்பது.
சஷ்டிக்கு இன்னும் ஒன்பது நாள்.
ஆறு நாளும் தண்ணீரோடு கிடப்பவர்கள்
இந்தத் தண்ணீரோடுதான் கிடப்பார்கள்.

அறிக்கையில் மலம் என்று எழுத மாட்டோம்,
"மாசடைந்துள்ளது" என்போம்.
பின்வீதியில் வெள்ளைக்காரன் புதைத்த குழாய்
எங்கேயோ வெடித்திருக்கும்.

சோமாஸ்கந்தக் குருக்கள் கண்ணாடியைத் துடைத்து
தாளை இரண்டுதரம் வாசித்தார்.
கங்கைக்கு ஏது தீட்டு என்பார்,
அதற்கு இது, அதற்கு அது என்று
ஓட்டோவிலேயே பதில்களை அடுக்கி வந்திருந்தேன்.
"எத்தனை துளி விடவேணும்?" என்றார்.

பிறகு விரல் மடித்தார்.
ஏலம், இலவங்கம், பச்சைக் கற்பூரம்,
வெட்டிவேர், பாதிரிப்பூ.
"அஞ்சு போடச் சொல்லியிருக்கு.
ஆறாவது போடக்கூடாதெண்டு
நான் படிச்ச இடத்தில இல்லை."

சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை.
"மடைப்பள்ளிச் சந்திரகாசன்ர பிள்ளை
வயித்தோட்டத்தில நாலு நாளா ஆஸ்பத்திரியில.
நான்தான் குடுத்தனான், இந்தக் கையால."
கை மடியில் கவிழ்ந்து கிடந்தது.
என் அடுக்குகளில் இதற்குப் பதில் இல்லை.

ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று கொடுத்தேன்.
அண்டாவுக்கு இவ்வளவு, கலக்கிவிட்டு
அரை மணித்தியாலம் பொறுக்கவேணும் என்றேன்.
கண்ணை மூடி எதையோ கணக்குப் பார்த்தார்.
"ருத்ரமும் சமகமும் ஒருதரம். சரியா வரும்."

சஷ்டி முதல்நாள். வரிசை
தேர்முட்டியையும் தாண்டி நின்றது.
உத்தரணி சாய, உள்ளங்கையில் குளிர்.
கற்பூரம், ஏலம், அதற்கும் அடியில்
நீச்சல்தடாகத்து வாசம், மிக மெல்லிசாய்.
பின்னால் நின்ற அம்மா மூக்கைச் சுளித்து
"இந்தமுறை என்னவோ சேர்த்திருக்கினம்,
நல்ல விசேஷம் போல" என்றா.

குடித்தேன்.
மிஞ்சிய ஈரத்தைத் தலையில் தடவினேன்,
பொட்டுகளை எண்ணிய அதே கையால்.
எண்ணும்போது இல்லாத நடுக்கம் ஒன்று
அப்போது இருந்தது.

அன்றைய மாதிரியில் பூச்சியம். கையொப்பமிட்டேன்.
"குறிப்பு" என்ற கட்டம் வெறுமையாய்ப் போனது.
பின்வீதிக் குழாயை
மாநகரசபை இன்னும் வந்து பார்க்கவில்லை.