கத்தாத அலாரம்

பத்தேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஷிஹாபின் கடை.
மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தான்.
"இது ரெண்டாயிரத்து நானூறு, சேச்சி.
அமுக்கினால் மானந்தவாடி வரை கேட்கும்."
பொய் என்று அவனுக்கும் தெரியும்.
அமுக்கினான்.
ஆறு குரலில் மாறி மாறி அழுதது பெட்டி.
எதிர்க்கடைக் கோழிகள் கூண்டுக்குள் எழுந்து நின்றன.
மனிதர் ஒருவரும் திரும்பவில்லை.

என்னுடையது பழைய வேகன்-ஆர். கே.எல். நம்பர்.
மூன்றாவது கை நான்.
அய்யன்கொல்லி லைன் வீடுகளிலிருந்து
பிரசவ வலியை, பாம்புக்கடியை,
ஒருமுறை வெறும் பயத்தை மட்டும்
தாளூர் சோதனைச்சாவடி தாண்டி
இராவோடு இராவாகக் கொண்டு சேர்க்கிற வண்டி.
பாதிப் பேர் காசு தருவார்கள்.
மீதிப் பேர் பலாப்பழம்.

"ஆனை தொட்டால் கத்துமா?" என்றேன்.
"கட்டாயம் கத்தும்!"
"கத்தாமல் இருப்பது எது?"

ஷிஹாபின் கை பெட்டிமேலேயே நின்றுவிட்டது.

போன ஆடியில், வர்க்கி சேட்டனின் ஜீப்.
பெரியவர் தன் பாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்,
வால் மட்டும் பட்டதென்று சொல்கிறார்கள்.
அலறியது ஜீப்.
திருடன் என்றால் சத்தத்துக்கு ஓடுவான்.
இவர் நின்றார்.
திரும்பினார்.
யாரென்று விசாரிக்க வந்தார்.
ஓடைக்குள் கவிழ்ந்த பிறகும்
விடியும்வரை கத்திக்கொண்டிருந்தது அது,
ஆறு குரலிலும்.

எர்ணாகுளத்துக் கம்பெனிக்கு
ஸ்பீக்கரில் போட்டான் ஷிஹாப்.
மாடல் என்ன, வருஷம் என்ன என்று கேட்ட பெண்
கொஞ்சம் யோசித்துவிட்டு
ஆனை வண்டிக்கு உள்ளேயா வெளியேயா என்றாள்.

கடைசியில் இரண்டாவது பெட்டி.
வண்டியைத் தொட்டால்
தலைமாட்டில் இருக்கும் பேஜர் துடிக்கும்.
சைரனுக்குப் போகிற இரண்டு வயரை
கட்டிங் பிளேயர் வாங்கி நானே வெட்டினேன்.
வாரண்டி போச்சு என்றான். போகட்டும்.
வெட்டியதற்கு நூறு ரூபாய் குறைக்கச் சொன்னேன்,
குறைக்கவில்லை.

டாஷ்போர்டுக்குள் ஒரு சின்னத் திருகு.
மழைக்குக் கூசக்கூடாது,
கைக்குக் கூச வேண்டும் என்று
கால் சுற்று, அரைக்கால் சுற்று,
பானெட்டில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான்.
எவ்வளவு கூச்சம் வேண்டும் என்று
கேட்டு வைத்த திருகு.
என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை. இரண்டு பத்து.
தலையணைக்கடியில் துடித்தது.
விளக்குப் போடவில்லை.
செல்வநாயகத்தை எழுப்பவும் இல்லை,
எழுந்தால் இருமுவார்.
ஜன்னல் இடுக்கில்
வண்டியைக் காணோம்,
வண்டி இருந்த இடத்தில் இருட்டு மட்டும்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
பின்சீட்டில் நேற்றுத் தந்த பலாப்பழம்.
ஐயோ, மறந்தேனே.

பேஜர் திரையில் பொம்மைக் கார்,
அதன்மேல் ஒரு பொம்மைச் சுத்தியல்
விழுந்து விழுந்து எழுந்தது.
தொடுவதென்றால் அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கீழே சிவப்புப் பொத்தான்.
அமுக்கினால் ஒன்றும் கேட்காது, வெட்டியாகிவிட்டது.
ஆனாலும் கட்டைவிரலை
பாவாடைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன்
இருபது நிமிஷம்.

காலையில்
பின்கண்ணாடி இல்லை.
சீட்டில் எச்சில், பால் பிசின், ஆறேழு கொட்டை.
ஓரக் கண்ணாடி மட்டும்
நான் மடக்குவதைவிட ஒழுங்காக
மடங்கியிருந்தது.

நேற்று பத்தேரி ஆஸ்பத்திரி.
சீட்டு வரிசையில் நிற்கும்போது
கைப்பைக்குள் துடித்தது.
பட்டப்பகல், டவுன், எல்லாம் தெரியும்;
கால்களுக்குத் தெரியவில்லை.
மூச்சை அடக்கி, ஓரமாக,
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து
பார்க்கிங்குக்குப் போனால்
என் வண்டியில் சாய்ந்து
ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்,
ஓரக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி
வகிடு எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் சீவி முடிக்கும்வரை
தூணுக்குப் பின்னாலேயே நின்றேன்.