ஒன்று தசம் இரண்டு மீற்றர்

மான்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.
பஸ் நிலையத்துக் கச்சான் பேப்பர் தின்னும்,
கோயில் வாசலில் வாடிய மாலை தின்னும்,
மரக்கறிக் கடைக்காரன் துரத்தத் துரத்தக் கோவா இலை தின்னும்
திருகோணமலை மான்கள்
பழைய எண்ணெய்க் களஞ்சியத்தின்
மேற்கு மூலைப் புல்லை மட்டும்
முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.
அதைக் கோப்பில் எழுத முடியாது.
துளையிட்டோம்.

பன்னிரண்டு துளை, பன்னிரண்டு போத்தல்.
ஏழாவதைத் திறந்தபோது
ஹில்மி பெக்கோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.
"மெடம், இது மண்ணில்ல.
வந்த கப்பலெல்லாம் காறித் துப்பினது."
மூன்று மீற்றர் போயும் கறுப்பு ஓயவில்லை.
யார் ஊற்றியது என்றொரு கேள்வி வந்தது கடிதத்தில்.
கொடிகள் மாறி மாறி ஏறிய துறைமுகத்தில்
கசிவுக்குக் கொடி இல்லை.
உரித்தாளர் இல்லாத காணி அரசுக்குப் போகும்.
உரித்தாளர் இல்லாத அழுக்கு
கிணறு வைத்திருப்பவர்களுக்கு.

மூன்று மீற்றர் என்று மதிப்பீடு எழுதினேன்.
கொழும்புக்குப் போய்
ஒன்று தசம் இரண்டாகத் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரு வெட்டு,
பக்கத்தில் சுருக்கொப்பம்.
அந்த ஒப்பத்துக்குக் கீழே
ஒன்று தசம் எட்டு மீற்றர்
இன்றைக்கும் கிடக்கிறது.

அதற்குள் பலகை நட்டுவிட்டார்கள், மும்மொழியிலும்.
கடைத்தொகுதி, நடைபாதை, நிழல்மரங்கள்.
படத்தில் ஒரு குடும்பம் பலூனோடு நடக்கிறது.
மரங்களுக்கு நிழல் உண்டு,
அவர்களுக்கு இல்லை.

பணம் செப்டெம்பரில் வந்தது.
டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவழியாவிட்டால்
திறைசேரிக்கே திரும்பும்.
வாடைக்கு நிதியாண்டு தெரியாது.
ஐப்பசியில் பிடித்த மழை
குழியை நிரப்பி, மேலே
ஊதாவும் பச்சையுமாய் ஒரு படலம் விரித்தது.
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்
வேலிக்குள்ளால் எட்டிப் பார்த்து
"என்ன வடிவு" என்றன.
வடிவுதான்.

இறைத்தோம். ஊறியது. இறைத்தோம்.
சுமனதாசவின் லொறி நூற்றுப் பதினாறு நடை ஓடியது.
எங்கே கொட்டுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.
பேசாமல் ரசீதை நீட்டினான்.
தூரம்: பதினொரு கிலோமீற்றர்.
இடம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
மேலே நான் கேட்கவில்லை.
டிசம்பர் இருபத்தெட்டு,
செம்மண் பரப்பி, உருளை ஓட்டி,
'பணி திருப்திகரமாக முடிவுற்றது'.
மூன்று கையெழுத்தில் நடுவில் இருப்பது என்னுடையது.

மாசியில் பின்வேலி வீட்டு ஞானசவுந்தரி
முந்தானைக்குள் ஒரு சோடாப் போத்தலை மறைத்துக்கொண்டு
கந்தோருக்கு வந்தாள். இடியப்பம் அவித்துக் கொடுப்பவள்.
மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தாள்.
"மா குழைக்கக் குழாய்த் தண்ணிதான் பாவிக்கிறன், பிள்ளை,
சத்தியமா.
ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."
நான் சொல்லவில்லை.
ஏழு-அ என்று இலக்கமிட்டு
ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன்.
கட்டணம் பதினெண்ணாயிரத்து நானூறு.

இப்போது கணக்காய்வு கேட்கிறது:
முடிவுற்ற பணியில் மாதிரி எடுக்கவேண்டிய தேவை யாது?
அனுமதித்தவர் யார்?
பதினான்கு நாட்களுக்குள் பதில் தருக.

முதலில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன்.
பிறகு மூன்று வரி.
பிறகு, 'இணைப்பு: ஒன்று' என்று மட்டும் எழுதி
மிச்சமிருந்த போத்தலை
இறுக மூடி, பழைய பத்திரிகையில் சுற்றி
தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன்.
பதிவுத் தபாலில் திரவம் ஏற்பதில்லையாம்.

என் மேசையில் இருக்கிறது.
பதினோராம் நாள்.
தண்ணீர் கீழே தெளிந்து
கழுத்தடியில் ஒரு வளையம் கட்டியிருக்கிறது,
அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்,
நான்கு மில்லிமீற்றர்.